ஹாரிஸ் கவுண்டி வாக்குச்சீட்டில் இத்தனை ஜட்ஜுகளா? "507வது டிஸ்ட்ரிக்ட்" எங்கே இருக்கிறது?

கதிர்_கேட்டி · அக்டோபர் 9, 2024

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் சிட்டிசன் ஆனேன். நவம்பரில் முதல் ஓட்டு. டெக்சஸில் எங்கள் ஹாரிஸ் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் தளத்தில் என் பெயரைப் போட்டு மாதிரி வாக்குச்சீட்டை இறக்கிப் பார்த்தேன். அதிபர், செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர் வரைக்கும் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே நீதிபதிகள் ஆரம்பித்தால் பக்கம் பக்கமாகப் போகிறது.

கேள்விகள் இவை. ஒன்று, 11வது ஜுடிஷியல் டிஸ்ட்ரிக்ட், 127வது, 174வது, 507வது என்று வரிசையாக வருகிறதே, ஒரே ஆள் எப்படி இத்தனை டிஸ்ட்ரிக்டில் இருக்க முடியும்? என் முகவரியைத் தப்பாக எடுத்துக்கொண்டதா? இரண்டு, டெக்சஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு "ப்ளேஸ் 2, 4, 6" என்று இருக்கிறது. 1, 3, 5 எங்கே? மூன்று, சில இடங்களில் "அன்எக்ஸ்பயர்டு டெர்ம்" என்று போடுவார்களாம், அதற்கு என்ன அர்த்தம்?

இன்னொன்று. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பரின் சீட்டில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லை. இருவருக்கும் முகவரி கேட்டி என்ற ஊர்தான்.

இளங்கோ_எடிசன் · அக்டோபர் 9

நியூ ஜெர்சிக்கு வந்துவிடுங்கள் சார். இங்கே ஆளுநர் பெயரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தரும், கதை முடிந்தது. முதலில் 7 வருடம், மறுபடி நியமித்தால் 70 வயது வரை. பத்து வருடமாக ஓட்டுப் போடுகிறேன், ஒரு ஜட்ஜ் பெயரைக்கூட சீட்டில் பார்த்ததில்லை.

கோமதி_ஹூஸ்டன் · அக்டோபர் 9

கதிர், நான் இங்கே ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகல், அதாவது வக்கீல்களுக்குச் சட்ட உதவியாளர். உங்கள் முகவரியில் ஒரு கோளாறும் இல்லை.

அந்த எண் கோர்ட்டின் பெயர், அவ்வளவுதான். டெக்சஸில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டையும் சட்டசபை உருவாக்கும்போது ஓர் எண் கொடுப்பார்கள். சின்ன கவுண்டிகளில் இரண்டு மூன்று கவுண்டி சேர்ந்து ஒரே கோர்ட்டைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஹாரிஸில் நேர்மாறு. ஒரே கவுண்டிக்குள் ஏறத்தாழ 60 டிஸ்ட்ரிக்ட் கோர்ட் இருக்கிறது, ஒவ்வொன்றின் எல்லையும் முழு ஹாரிஸ் கவுண்டிதான். அதனால் கேட்டியில் இருப்பவரும் பேடவுனில் இருப்பவரும் அதே 127வது கோர்ட்டுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். காங்கிரஸ் டிஸ்ட்ரிக்ட் மாதிரி வரைபடத்தில் தேடினால் ஹாரிஸுக்குள் ஒன்றும் கிடைக்காது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு விஷயத்தில். இந்தக் கோர்ட்டுகள் வேலையைப் பிரித்துக்கொண்டு செய்கின்றன, ஆனால் சீட்டில் அது இருக்காது. 11வதும் 127வதும் சிவில். 174வது கிரிமினல், அதாவது பெரிய குற்ற வழக்குகள். 507வது குடும்ப நீதிமன்றம்: விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது, ஜீவனாம்சம் எல்லாம் அங்கே. 313, 314, 315 மூன்றும் சிறுவர் வழக்குகள். சீட்டில் எல்லாமே ஒரே மாதிரி "டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்" என்று நிற்கும். பத்து வருடம் கம்பெனி வழக்கு நடத்தியவர் குடும்ப கோர்ட்டுக்கு நின்றால் சீட்டைப் பார்த்து உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

ப்ளேஸ் என்பது நாற்காலி எண். சுப்ரீம் கோர்ட்டில் 9 பேர், 6 வருடப் பதவி. எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சில நாற்காலிகள் தேர்தலுக்கு வரும். இந்த முறை 2, 4, 6. எல்லா நாற்காலிக்கும் முழு மாநிலமும் ஓட்டுப் போடுகிறது.

அன்எக்ஸ்பயர்டு டெர்ம் என்றால் மிச்சக் காலம். ஒரு டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் பாதியில் ராஜினாமா செய்தால் ஆளுநர் ஒருவரை நியமிப்பார். அவர் அடுத்த பொதுத் தேர்தல் வரைக்கும்தான் உட்கார முடியும். அந்தத் தேர்தலில் மிச்சமிருக்கும் வருடங்களுக்கு மட்டும் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: இப்போது உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்க மாட்டார், ஆளுநர் வைத்தவராக இருப்பார். அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் கணக்கு.

பழைய_ஹூஸ்டன்காரர் · அக்டோபர் 9

நண்பர் சீட்டு வேறாக இருப்பதற்குக் காரணம் தபால் முகவரி. "கேட்டி" என்று கடிதத்தில் எழுதும் இடம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டியில் கிடக்கிறது. சின்கோ ராஞ்ச் பக்கம் எல்லைக்கோடு குடியிருப்புக்கு நடுவிலேயே போகிறது. அவர் ஃபோர்ட் பெண்டாக இருக்கும். அந்தக் கவுண்டிக்கு 240, 268, 400 என்று தனி எண்கள். அப்பீல் கோர்ட் மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஹூஸ்டனில் 1வது, 14வது என்று இரண்டு அப்பீல் கோர்ட், இரண்டுக்கும் அதே பத்து கவுண்டிகள். ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள், டெக்சஸ்காரர்களுக்கே பதில் தெரியாது.

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள் தம்பி. எந்தக் கவுண்டி என்று அதில் இருக்கும்.

240வது கோர்ட் என்றதும் நினைவு வருகிறது. 2022-இல் அங்கே ஜெயித்தவர் சுரேந்திரன் பட்டேல், காசர்கோட்டுக்காரர். சின்ன வயதில் பீடி சுற்றியவர் என்று கேரளப் பத்திரிகைகள் கொண்டாடின. ஃபோர்ட் பெண்டிலேயே கவுண்டி கோர்ட் அட் லா எண் 3-இல் ஜூலி மேத்யூ, அவரும் மலையாளி. நம் ஆட்கள் பொங்கல் விழாவுக்கு மேடை போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அப்புறம் ப்ரீசிங்க்ட் (கவுண்டிக்குள் பிரித்த பகுதி) என்ற சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். ஹாரிஸில் அது மூன்று விதமாக வரும். கமிஷனர் ப்ரீசிங்க்ட் மொத்தம் 4. ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் (சுருக்கமாக ஜே.பி., சின்ன வழக்குகளுக்கான நீதிபதி), கான்ஸ்டபிள் இருவருக்குமான ப்ரீசிங்க்ட் மொத்தம் 8, ஒவ்வொன்றிலும் இரண்டு ஜே.பி., ப்ளேஸ் 1, ப்ளேஸ் 2. வாக்காளர் அட்டையில் இருக்கும் ப்ரீசிங்க்ட் எண் இந்த இரண்டும் இல்லை, அது ஓட்டுக் கணக்குக்கான சின்னத் துண்டு, அந்த மாதிரி ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஜே.பி. விஷயத்தில் மட்டும் நீங்கள் இருக்கும் இடம் முக்கியம். மற்ற நீதிபதிகளுக்கு முழு கவுண்டி அல்லது அதைவிடப் பெரிது.

ஜே.பி.யை லேசாக நினைக்காதீர்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, 20,000 டாலர் வரைக்குமான பணத் தகராறு, டிராஃபிக் டிக்கெட் எல்லாம் அங்கேதான். நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரே ஒரு கோர்ட் படி ஏறினால் அது ஜே.பி. கோர்ட்டாகத்தான் இருக்கும். அந்தப் பதவிக்கு வக்கீலாக இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் இல்லை!

கதிர்_கேட்டி · அக்டோபர் 10

கேட்டுவிட்டேன், நண்பர் ஃபோர்ட் பெண்ட்தான். கோமதி அக்கா, ஹூஸ்டன்காரர் சார், இருவருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம்: கவுண்டி ஜட்ஜ் என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே, லீனா ஹிடால்கோ, அவரும் இந்தப் பட்டியலில் வருவாரா?

பழைய_ஹூஸ்டன்காரர் · அக்டோபர் 10

இந்த முறை வரமாட்டார், அந்தப் பதவிக்கு அடுத்த தேர்தல் 2026. பெயரில் ஜட்ஜ் இருந்தாலும் வேலை வேறு. கவுண்டியின் பட்ஜெட், வெள்ள நிவாரணம், சாலை என்று நிர்வாகம் பார்க்கும் கமிஷனர்ஸ் கோர்ட்டுக்குத் தலைவர். அந்த "கோர்ட்"டும் கோர்ட் இல்லை. சின்ன கவுண்டிகளில் கவுண்டி ஜட்ஜ் வழக்கும் விசாரிப்பார், ஹாரிஸில் கிடையாது. வாக்குச்சாவடியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் எலெக்‌ஷன் ஜட்ஜ் என்றுதான் பெயர், அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்வராஜ்_டிஎக்ஸ் · அக்டோபர் 10

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? பெயருக்குப் பக்கத்திலேயே கட்சி போட்டிருக்கிறான். உங்கள் கட்சி எதுவோ அதைப் பார்த்து மேலிருந்து கீழே அமுக்கிக்கொண்டே போங்கள், ஐந்து நிமிடம். முன்பு ஸ்ட்ரெயிட் டிக்கெட் பொத்தான் ஒன்று இருந்தது, ஒரே அமுக்கில் எல்லா ஓட்டும் ஒரு கட்சிக்குப் போகும், அதையும் 2020-இலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொன்றாக அமுக்க வேண்டியிருக்கிறது, அது மட்டும்தான் தொல்லை.

கோமதி_ஹூஸ்டன் · அக்டோபர் 10

செல்வராஜ் சார், எங்கள் அலுவலகத்துக்கு வரும் க்ளையன்ட்களும் கேஸ் வரும் வரை இப்படித்தான் பேசுவார்கள்.

கட்சி பார்த்துக் குத்தியதன் விளைவைச் சொல்கிறேன். 2008-இல் ஒபாமா அலையில் ஹாரிஸின் பெரும்பாலான நீதிபதி இடங்கள் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. 2018-இல் 59 இடத்திலும் அதே கட்சி. நல்லவர், மோசமானவர், அனுபவசாலி, புதியவர் என்ற வித்தியாசமே இல்லாமல் ஒரே இரவில் மாறியது. இரண்டு அப்பீல் கோர்ட்டிலும் அந்த வருடம் அப்படித்தான். வந்தவர்களில் மிக நல்ல நீதிபதிகள் உண்டு, கோர்ட்டில் நேரில் பார்க்கிறேன். போனவர்களிலும் உண்டு. மேலே அதிபருக்கோ செனட்டருக்கோ போட்ட ஓட்டு, குழந்தை அம்மாவிடம் இருக்கலாமா அப்பாவிடம் இருக்கலாமா என்று தீர்மானிக்கும் ஆளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

நம் சமூகத்துக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. விசா நிலையில் இருக்கும்போது விவாகரத்து, ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி, உயில் எழுதாமல் இறந்தவர் வீடு என்று தமிழ்க் குடும்பங்கள் இந்த நீதிபதிகள் முன்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கடைசியாகச் சொன்ன வகை ப்ரோபேட் கோர்ட்டுக்குப் போகும், அதுவும் தேர்தல் பதவிதான்.

செல்வராஜ்_டிஎக்ஸ் · அக்டோபர் 10

சரி, ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்சி தேவையில்லை என்றால் வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பெயரை வைத்தா? ஊரில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி சிவில் ஜட்ஜ் ஆகிறார்கள், நமக்கு ஓட்டே இல்லை. இங்கே ஓட்டு இருக்கிறது, தகவல் இல்லை. அந்த நிலைமையில் கட்சி என்பது ஒன்றுமில்லாததற்கு மேல். குற்றவாளியை ஜாமீனில் விடுவதைப் பற்றி இரண்டு கட்சிக்கும் பார்வை வேறு, அது நீதிபதியிடமும் தெரியத்தான் செய்யும்.

இன்னொன்று, நீங்கள் எல்லாரும் நவம்பரைப் பற்றியே பேசுகிறீர்கள். மாநில அளவிலான பதவி எதிலும் 1994-க்குப் பிறகு இங்கே ஜனநாயகக் கட்சி ஜெயிக்கவில்லை. அப்படியானால் அந்த நாற்காலிகளுக்கு உண்மையான தேர்தல் மார்ச் ப்ரைமரிதான், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். இந்த மார்ச்சில் என்ன நடந்தது? கிரிமினல் அப்பீல்ஸ் கோர்ட்டில் மூன்று பேர் சொந்தக் கட்சி ப்ரைமரியிலேயே தோற்றார்கள். அதில் ஷேரன் கெல்லர் 1994-இல் தேர்வானவர், 2001-இலிருந்து தலைமை நீதிபதி. தேர்தல் மோசடி வழக்கை அட்டர்னி ஜெனரல் தானாகத் தொடுக்க முடியாது என்று 2021-இல் அந்தக் கோர்ட் சொன்ன தீர்ப்புக்காக, அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டனே அவர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். நவம்பரில் மட்டும் வந்து நியாயம் பேசுகிறவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்?

கோமதி_ஹூஸ்டன் · அக்டோபர் 10

ப்ரைமரி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. டெக்சஸில் கட்சி உறுப்பினராகப் பதிவு செய்யும் முறையே இல்லை, மார்ச்சில் எந்தக் கட்சி சீட்டு வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கலாம். அப்படி இருந்தும் நம்மவர்கள் யாரும் வருவதில்லை.

கதிருக்காக ஒரு வரி: கிரிமினல் அப்பீல்ஸ் கோர்ட் என்பதும் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்தான். டெக்சஸுக்கு இரண்டு. சிவில், சிறுவர் வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டில் முடியும், குற்ற வழக்குகள் இங்கே முடியும். மரண தண்டனைத் தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு நேராக இங்கேதான்.

ஆனால் கட்சி தவிர வேறு தகவல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மாலையில் எழுதுகிறேன்.

நாகு_நேப்பர்வில் · அக்டோபர் 10

இல்லினாய்ஸ் கதையையும் கேளுங்கள், உங்கள் 507 பரவாயில்லை என்று தோன்றும். பத்து வருடம் சிகாகோவில் குக் கவுண்டியில் இருந்தேன். அங்கே சில நீதிபதிகளை முழு கவுண்டியும் தேர்ந்தெடுக்கும், சிலரை சப்சர்க்யூட் என்ற சின்னப் பகுதி மட்டும். 15 சப்சர்க்யூட் இருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். இது உண்மையிலேயே நிலப்பகுதி, வரைபடம் பார்த்தே ஆக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் காலி இடத்துக்குப் பதவி விட்டுப்போனவர் பெயரையே வைத்துவிடுவார்கள். "இன்னார் விட்டுச்சென்ற இடம்" என்று தலைப்பு, அதற்குக் கீழே போட்டியிடுகிறவர்கள். முதல் தடவை பார்க்கிறவர் ஓய்வு பெற்றவருக்கே ஓட்டுப் போட வந்துவிட்டோமோ என்று குழம்புவார்.

அதைவிடப் பெரியது ரிடென்ஷன். ஒரு முறை ஜெயித்த சர்க்யூட் ஜட்ஜ் 6 வருடம் கழித்து யாரோடும் போட்டியிட வேண்டாம். "இவர் பதவியில் தொடரலாமா?" என்று கேள்வி, ஆமாம் அல்லது இல்லை. பாதிக்கு மேல் போதாது, 60 சதவீதம் ஆமாம் வேண்டும். இந்த நவம்பரில் குக் கவுண்டியில் 70-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி நிற்கிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் தேறிவிடுவார்கள். 2020-இல் மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதி தாமஸ் கில்பிரைட் 60 தொடாமல் பதவி இழந்தார். இல்லினாய்ஸ் சுப்ரீம் கோர்ட் சரித்திரத்தில் அதுதான் முதல் முறை. ரிடென்ஷன் கேள்வியில் கட்சி போடவும் மாட்டார்கள். செல்வராஜ் சார் அங்கே வந்தால் விரலை எங்கே வைப்பார்?

செல்வராஜ்_டிஎக்ஸ் · அக்டோபர் 10

எல்லோருக்கும் "இல்லை". ஆறு வருடம் போதும், வேறு ஆள் வரட்டும்.

மீனா_சைப்ரஸ் · அக்டோபர் 10

சண்டைக்கு நடுவில் நடைமுறை விஷயம் இரண்டு சொல்கிறேன், நானும் ஹாரிஸ்தான்.

வாக்குச்சாவடியின் உள்ளே ஃபோன் எடுக்க முடியாது. ஓட்டுப் போடும் இடத்திலிருந்து 100 அடிக்குள் செல்போன் கூடாது என்பது மாநிலச் சட்டம். அதனால் ஃபோனில் குறிப்பு வைத்துக்கொண்டு போனால் பலனில்லை. தாளில் எழுதிக்கொண்டு போகலாம், அதற்குத் தடை இல்லை. மாதிரிச் சீட்டையே அச்செடுத்துக் குறித்துக்கொண்டு போவது எளிது. வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது 507வதுக்கு யார் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

எல்லா இடத்திலும் குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரியாததை வெறுமனே விட்டுவிட்டால் மற்ற ஓட்டுகள் செல்லும். இயந்திரம் "இதெல்லாம் விட்டிருக்கிறீர்கள்" என்று காட்டும், பயப்பட வேண்டாம். அச்சாகி வரும் தாளை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் போடுங்கள். போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்தால் ஓட்டே இல்லை.

அக்டோபர் 21-லிருந்து நவம்பர் 1 வரை முன்கூட்டியே போடலாம், கவுண்டிக்குள் எந்த மையத்திலும். நவம்பர் 5-க்குக் காத்திருக்காதீர்கள்.

கோமதி_ஹூஸ்டன் · அக்டோபர் 10

சொன்னபடி வந்துவிட்டேன். நான் செய்வது இதுதான்.

முதலில் பட்டியலில் சிவில், கிரிமினல், குடும்பம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். கவுண்டியின் கோர்ட் தளத்தில் எல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்து ஹூஸ்டன் பார் அசோசியேஷன் என்ற வக்கீல் சங்கம், வக்கீல்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்பு. அதில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. பெரிய நிறுவன வக்கீல்கள் கூட்டமாக ஒரு பக்கம் சாய்வதுண்டு. ஆனால் ஒரு நீதிபதியை எல்லாத் தரப்பும் சேர்ந்து மோசம் என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கும். புதிதாக நிற்பவர் என்றால் டெக்சஸ் பார் தளத்தில் பெயரைத் தட்டுவேன். உரிமம் வாங்கிய வருடம், எந்தத் துறை, பகிரங்கமாக ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுத்திருந்தால் அதுவும் வரும். டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு முன்பு 4 வருட அனுபவம் போதும் என்று இருந்தது. 2021-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட திருத்தத்தால் வரும் ஜனவரியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு 8 வருடம் வேண்டும்.

லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்ற வாக்காளர் அமைப்பு வெளியிடும் கையேட்டில் வேட்பாளர்களே பதில் எழுதியிருப்பார்கள். பதில் அனுப்பாதவர் பெயருக்கு நேராக வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடமே எனக்குப் பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அத்தனை பேரையும் பார்க்க நேரம் இல்லையென்றால் குடும்ப கோர்ட், ஜே.பி., ப்ரோபேட் இந்த மூன்றில் எது உங்கள் சீட்டில் இருக்கிறதோ அதை மட்டுமாவது பாருங்கள். மிச்சத்துக்குச் செல்வராஜ் சார் வழியில் போனாலும் நான் திட்ட மாட்டேன்.

இன்னொரு செய்தி. செப்டம்பர் 1-இல் 15வது அப்பீல் கோர்ட் என்று புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். அரசு சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கும் புது பிசினஸ் கோர்ட் வழக்குகளுக்கும் அது. இப்போதைக்கு ஆளுநர் நியமித்தவர்கள், 2026-இல் மாநிலம் முழுக்கத் தேர்தல். 1வது, 14வது மாதிரி இதற்குப் பத்து கவுண்டி எல்லை கிடையாது. அப்போது "15வது எங்கே இருக்கிறது" என்று இன்னொரு இழை ஆரம்பியுங்கள்.

கதிர்_கேட்டி · அக்டோபர் 11

அச்செடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன், எட்டுப் பேர் முடிந்தது. கடைசியாக ஒன்று. அம்மாவும் சிட்டிசன், 68 வயது. தமிழ் மட்டும்தான் வாசிப்பார். ஹாரிஸ் சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமிய மொழி, சீனம் இவற்றில்தான் இருக்கிறது. நான் கூட உள்ளே போய் வாசித்துச் சொல்ல விடுவார்களா?

கோமதி_ஹூஸ்டன் · அக்டோபர் 11

விடுவார்கள். சீட்டின் மொழியைப் படிக்கத் தெரியாதவர் தனக்கு வேண்டியவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது மத்திய அரசின் வாக்குரிமைச் சட்டம். வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. நீங்கள் ஒரு படிவத்தில் பெயர், முகவரி எழுதி உறுதிமொழி எடுக்க வேண்டும். அப்புறம் வாசித்துச் சொல்லலாம், அவர் சொன்னபடி குறிக்கலாம். யாருக்குப் போடு என்று நீங்கள் சொல்லக் கூடாது, அதையும் சேர்த்துத்தான் உறுதிமொழி. உள்ளே போனதுமே "உதவியாளர்" என்று சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் குழப்பம்.

65 வயது தாண்டியவர் என்பதால் தபால் ஓட்டும் கேட்கலாம். விண்ணப்பம் அக்டோபர் 25-க்குள் கவுண்டி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்றைக்குத் தபாலில் போட்டால் செல்லாது. வீட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லா நீதிபதிகளையும் நிதானமாக வாசித்துக் காட்டலாம். அப்படி உதவினால் உறையில் உதவியாளருக்கான இடத்தில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.